போல, மாதிரி, விட: குமுளிக் கடைகளில் ஒப்பிட்டுப் பேச இங்கிலீஷ்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் எந்த மசாலாக் கடைக்குப் போனாலும் கவுண்டரில் இரண்டு வகைப் பட்டை இருக்கும். ஒன்று சிலோன் பட்டை. காகிதக் கனத்தில் பல தோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். மற்றது காசியா. தடித்த ஒற்றைத் தோல், உடைக்கப் பலம் வேண்டும். வாங்க வந்தவர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு “ஆர் தே த சேம்?” என்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் “சேம் சேம், பட் திஸ் மோர் பெட்டர்” என்று சொன்னால் அதில் தப்பு இரண்டு. பட்டை இரண்டும் ஒன்றல்ல. “மோர் பெட்டர்” என்பது இங்கிலீஷும் அல்ல.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “தே லுக் சிமிலர், பட் தே ஆர் நாட் த சேம். திஸ் ஒன் இஸ் தின்னர் அண்ட் ஸ்வீட்டர். தட் ஒன் இஸ் திக்கர் அண்ட் ஸ்ட்ராங்கர்.” மூன்று சின்ன வாக்கியம். கேட்டவருக்கு வித்தியாசம் புரியும், எது வேண்டும் என்று அவரே எடுத்துக்கொள்வார்.

கம்பம், கூடலூர், உத்தமபாளையத்திலிருந்து மலையேறிக் கடைக்கும் ஹோம்ஸ்டேக்கும் ஜீப் ஓட்டவும் வருகிறவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. எல்லையில் வளர்ந்த பலருக்குத் தமிழும் மலையாளமும் சரளமாக வரும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மலையாளம் கைகொடுக்காது. தமிழ் ‘போல’ அங்கே ‘போலெ’. தமிழ் ‘அதைவிட’ அங்கே ‘அதினேக்காள்’. இரண்டு மொழியிலும் ஒப்பீட்டைக் காட்டும் உருபு பெயர்ச்சொல்லோடுதான் ஒட்டுகிறது, ‘பெரிய’, ‘நல்ல’ போன்ற சொற்கள் மாறுவதே இல்லை. சித்தூர், நகரிப் பக்கம் தெலுங்கு கலந்து பேசுகிறவர்களுக்கும் ‘லாகா’, ‘கண்டே’ என்று இதே கதைதான். இங்கிலீஷ் மட்டும் வேறு வழியில் போகிறது.

முதல் படி: உங்கள் ‘மாதிரி’ எந்த மாதிரி?

இங்கிலீஷ் சொல்லைத் தேடுவதற்கு முன்னால் தமிழில் என்ன சொல்ல வருகிறோம் என்று பிரித்துப் பாருங்கள். குழப்பத்தில் பெரும்பாதி இங்கேயே தீரும். ‘போல’, ‘மாதிரி’ இரண்டையும் நாம் எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறோம். அத்தனைக்கும் ‘லைக்’ போட முடியாது.

‘அஞ்சு மணி போல வாங்க’ என்பதில் ஒப்பீடே இல்லை, உத்தேசம்தான் இருக்கிறது. “கம் அரவுண்ட் ஃபைவ்.” இதை “கம் லைக் ஃபைவ் ஓ க்ளாக்” என்றால் கேட்கிறவர் விழிப்பார்.

‘நான் சொன்ன மாதிரி செய்’ என்பதில் ‘மாதிரி’க்கு முன்னால் ஒரு வினை நிற்கிறது. இங்கே ‘ஆஸ்’: “டூ ஆஸ் ஐ டோல்ட் யூ.” பேச்சில் “லைக் ஐ டோல்ட் யூ” என்று சொல்கிற வெள்ளைக்காரர்களும் நிறைய உண்டு. காதில் விழுந்தால் தப்பு என்று நினைக்க வேண்டாம். நீங்கள் எழுதும்போது மட்டும் ‘ஆஸ்’ போடுங்கள்.

‘மழை வரும் போல இருக்கு’ என்பது ஊகம். “இட் லுக்ஸ் லைக் ரெயின்” என்று சுருக்கமாகவும் சொல்லலாம், “இட் லுக்ஸ் லைக் இட் இஸ் கோயிங் டு ரெயின்” என்று முழுதாகவும் சொல்லலாம். போட்டிங் போகிறவர்களிடம் இந்த வாக்கியம் தினமும் தேவைப்படும்.

‘எந்த மாதிரி ரூம் வேணும்?’ என்றால் வகையைக் கேட்கிறோம். “வாட் கைண்ட் ஆஃப் ரூம் டூ யூ வான்ட்?”

‘அதே மாதிரி, டீயிலும் நாலு வகை இருக்கு’ என்று பேச்சைத் தொடரும்போது நம் ஆட்கள் வாயில் வருவது “சேம் லைக் தட்”. அப்படி ஒரு வழக்கு இங்கிலீஷில் இல்லை. “சிமிலர்லி” அல்லது “இன் த சேம் வே” என்று ஆரம்பிக்க வேண்டும்.

‘உடம்பு ஒரு மாதிரி இருக்கு’ என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றவே முடியாது. “ஐ டோன்ட் ஃபீல் வெல்” என்பதோடு விட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான ‘போல’. ஒரு பொருள் இன்னொரு பொருளைப் போல இருப்பது. அதற்குத்தான் ‘லைக்’, அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்: “காசியா லுக்ஸ் லைக் சினமன்.”

‘ஆக’ வந்தால் ‘ஆஸ்’

‘லைக்’, ‘ஆஸ்’ இரண்டில் எது என்று தடுமாறும்போது தமிழே நல்ல அளவுகோல் தருகிறது. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘ஆக’ என்று சொல்ல முடிந்தால் ‘ஆஸ்’, ‘போல’ என்று சொல்ல முடிந்தால் ‘லைக்’. ‘அவர் கைடாக வேலை பார்க்கிறார்’ என்பது “ஹி வொர்க்ஸ் ஆஸ் எ கைட்”. ‘அவர் கைடு போலப் பேசுகிறார்’ என்பது “ஹி டாக்ஸ் லைக் எ கைட்”, ஆனால் அவர் கைடு இல்லை. இன்டர்வியூவில் “ஐ வொர்க்ட் லைக் எ ரிசப்ஷனிஸ்ட்” என்று சொன்னால், நான் ரிசப்ஷனிஸ்ட் இல்லை, அந்த மாதிரி ஏதோ செய்தேன் என்று அர்த்தமாகிவிடும். பார்த்த வேலையை நாமே குறைத்துச் சொன்னது போல ஆகும்.

‘ஆஸ்’ என்பதைத் தனியாகச் சொல்லும்போதுதான் ‘ஆ’ அழுத்தமாக வரும். வாக்கியத்துக்குள் அது ‘அஸ்’ என்று தேய்ந்து, கடைசியில் லேசான ரீங்காரத்தோடு போகும். காதுக்கு எட்டவில்லை என்பதற்காக அது இல்லை என்று விட்டுவிடக் கூடாது. கீழே வரும் இரட்டை ‘ஆஸ்’ஸில் நம்மவர்கள் ஒன்றை விழுங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘லைக்’ வரும் மூன்று கேள்விகள்

“வாட் டஸ் ஹி லைக்?” என்றால் அவருக்கு என்ன பிடிக்கும். “வாட் டஸ் ஹி லுக் லைக்?” என்றால் ஆள் பார்க்க எப்படி இருப்பார். “வாட் இஸ் ஹி லைக்?” என்றால் ஆள் குணத்தில் எப்படி. மூன்றையும் சத்தமாக, வரிசையாக, பத்து முறை சொல்லிப் பாருங்கள். “வாட் இஸ் த ரோட் லைக்?” என்று டிரைவரிடம் கேட்டால், ரோடு பிடிக்குமா என்று கேட்கவில்லை, ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். பதில்: “இட் இஸ் நேரோ, வித் மெனி பெண்ட்ஸ்.” பதிலில் ‘லைக்’ வராது.

நாம் கேட்கும்போது “ஹவ் இஸ் இட் லைக்?” என்று கலந்துவிடுவது பரவலான தப்பு. ‘ஹவ்’ என்று ஆரம்பித்தால் ‘லைக்’ வேண்டாம், ‘லைக்’ வேண்டுமானால் ‘வாட்’ என்று ஆரம்பியுங்கள்.

அதே இடத்தில் இன்னொரு வழுக்கல்: “இட் லுக்ஸ் லைக் திக்.” தடிப்பு, நீளம், பச்சை, பழசு என்று குணம் மட்டும் சொல்லும்போது ‘லைக்’ தேவையில்லை, “இட் லுக்ஸ் திக்” போதும். பொருளின் பெயர் வந்தால்தான் ‘லைக்’: “இட் லுக்ஸ் லைக் பார்க்.”

ஒன்றா, ஒத்ததா, வேறா

‘சேம் டு சேம்’ நம்மூர்ப் பேச்சு வழக்கு. நமக்குள் பேச நன்றாகத்தான் இருக்கிறது. வெளியாரிடம் “எக்ஸாக்ட்லி த சேம்” என்று சொல்லுங்கள். ‘சேம்’ என்றால் முன்னால் ‘த’ கட்டாயம். எதோடு ஒன்று என்று சொல்ல ‘ஆஸ்’ வரும்: “வைட் பெப்பர் கம்ஸ் ஃப்ரம் த சேம் பிளான்ட் ஆஸ் பிளாக் பெப்பர்.” இது உண்மையும்கூட. பழுத்த மிளகை ஊறவைத்து மேல்தோலை நீக்கினால் வெள்ளை மிளகு. “சேம் லைக்”, “சேம் தன்” இரண்டும் வேண்டாம்.

‘சிமிலர்’ என்றால் ‘டு’. “சிமிலர் வித்”, “சிமிலர் லைக்” என்று போகாதீர்கள். ‘டிஃபரன்ட்’ என்றால் ‘ஃப்ரம்’. பிரிட்டனில் “டிஃபரன்ட் டு”, அமெரிக்காவில் “டிஃபரன்ட் தன்” என்பதும் காதில் விழும். ‘ஃப்ரம்’ எங்கும் செல்லும், அதையே பழகிக்கொள்ளுங்கள்.

‘அலைக்’ என்ற சொல் பெயருக்கு முன்னால் நிற்காது. “தீஸ் டூ பேக்ஸ் லுக் அலைக்” சரி, “அலைக் பேக்ஸ்” தப்பு. முன்னால் போட வேண்டுமானால் “சிமிலர் பேக்ஸ்”.

மாறுபாட்டைச் சொல்ல ‘அன்லைக்’ வாக்கியத்தின் தலையில் அழகாக உட்காரும்: “அன்லைக் காசியா, சினமன் பிரேக்ஸ் ஈசிலி.” இரண்டு முழு வாக்கியத்தை எதிரெதிரே நிறுத்த ‘வேரேஸ்’: “கம்பம் இஸ் ஹாட், வேரேஸ் குமுளி இஸ் கூல்.”

அந்த அளவுக்கு: இரட்டை ‘ஆஸ்’

சமம் என்று சொல்ல, குணச்சொல்லின் இரண்டு பக்கமும் ‘ஆஸ்’ வேண்டும். தமிழில் ‘அளவுக்கு’ ஒரு முறைதான் வருகிறது. அதனால் முதல் ‘ஆஸ்’ நம் வாயிலிருந்து நழுவுகிறது. “திஸ் ஒன் இஸ் ஆஸ் ஃப்ரெஷ் ஆஸ் தட் ஒன்.” நடுவில் வரும் சொல் மாறாது, “ஆஸ் ஃப்ரெஷர் ஆஸ்” கிடையாது.

இதன் எதிர்மறைதான் கடையில் அதிகம் உதவும். மலிவான சரக்கை “பேட் குவாலிட்டி” என்று சொல்லத் தேவையில்லை. “இட் இஸ் நாட் ஆஸ் பிக் ஆஸ் திஸ் ஒன்” என்றால் உண்மையும் வந்துவிடுகிறது, சரக்குக்கும் மரியாதை இருக்கிறது. ஏலக்காய் இதற்கு நல்ல உதாரணம். சல்லடை அளவு வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். 8 எம்எம் காயை ஒரு கையிலும் 7 எம்எம் காயை மறு கையிலும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: “த செவன் எம்எம் இஸ் நாட் ஆஸ் பிக் ஆஸ் த எய்ட் எம்எம், பட் இட் இஸ் ஜஸ்ட் ஆஸ் ஃப்ரெஷ்.” இரண்டாவது பாதியில் பின் ‘ஆஸ்’ஸை விட்டதைக் கவனியுங்கள். எதோடு ஒப்பிடுகிறோம் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் அப்படி விடலாம்.

மடங்கு சொல்லவும் இதே சட்டம்தான். இரு மடங்கு என்றால் ‘ட்வைஸ்’, அதற்கு மேல் ‘த்ரீ டைம்ஸ்’, ‘ஃபோர் டைம்ஸ்’. ரொபஸ்டா காப்பிக்கொட்டையில் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு கேஃபீன் இருக்கிறது: “ரொபஸ்டா ஹாஸ் அபவுட் ட்வைஸ் ஆஸ் மச் கேஃபீன் ஆஸ் அராபிகா.” எண்ண முடியாததற்கு ‘ஆஸ் மச்’, எண்ண முடிந்ததற்கு ‘ஆஸ் மெனி’. இடுக்கி அணையின் உயரம் சுமார் 169 மீட்டர், முல்லைப் பெரியாறு அணை சுமார் 54 மீட்டர். “இடுக்கி டேம் இஸ் மோர் தன் த்ரீ டைம்ஸ் ஆஸ் ஹை ஆஸ் முல்லைப்பெரியார் டேம்.” டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

‘விட’: தலைகீழாகத் திருப்புங்கள்

‘கம்பத்தைவிடக் குமுளி குளிர்ச்சி.’ தமிழில் எதோடு ஒப்பிடுகிறோமோ அது முதலில் வருகிறது. இங்கிலீஷில் அது கடைசிக்குப் போகும். மூன்று வேலை செய்ய வேண்டும். ‘விட’ ஒட்டாத சொல்லை முதலில் எடுங்கள்: குமுளி. குணச்சொல்லை மாற்றுங்கள்: ‘கூல்’ என்பது ‘கூலர்’. பிறகு ‘தன்’ போட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள்: “குமுளி இஸ் கூலர் தன் கம்பம்.”

இரண்டாவது வேலையைத்தான் மறக்கிறோம். “குமுளி இஸ் கூல் தன் கம்பம்” என்று வருவதற்குக் காரணம் தமிழில் ‘குளிர்ச்சி’ மாறாமல் நிற்பதுதான். இங்கிலீஷில் ‘தன்’ வந்தால் முன்னால் ‘அர்’ ஒலியோ ‘மோர்’, ‘லெஸ்’ என்பதோ இருந்தே ஆக வேண்டும் (கீழே வரும் ‘வொர்ஸ்’ மட்டும் விலக்கு).

எதற்கு ‘அர்’, எதற்கு ‘மோர்’? சொல்லைக் கைதட்டிப் பாருங்கள். ஒரே தட்டில் முடிகிற சொல்லுக்கு ‘அர்’: சீப்பர், ஓல்டர், ஸ்ட்ராங்கர். இரண்டு தட்டாகி ‘ஈ’ ஒலியில் முடிந்தாலும் ‘அர்’: ஹெவியர், ஸ்பைசியர், ஈசியர். மூன்று தட்டும் அதற்கு மேலும் என்றால் ‘மோர்’: மோர் எக்ஸ்பென்சிவ், மோர் பியூட்டிஃபுல். மற்ற இரண்டு தட்டுச் சொற்களுக்குப் பெரும்பாலும் ‘மோர்’ போட்டால் பிழை வராது: மோர் ஃபேமஸ், மோர் யூஸ்ஃபுல். அடங்காதவை சில, அவற்றை அப்படியே மனதில் ஏற்ற வேண்டும்: குட் என்பது பெட்டர், பேட் என்பது வொர்ஸ், ஃபார் என்பது ஃபர்தர், லிட்டில் என்பது லெஸ்.

எழுதும்போது இரண்டு இடத்தில் தடுக்கும். ‘பிக்’, ‘ஹாட்’, ‘தின்’ போன்ற குட்டிச் சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும். ‘ஹெவி’ போன்றவற்றில் கடைசி ‘ஒய்’ எழுத்து ‘ஐ’ எழுத்தாக மாறும். வாட்ஸப்பில் இன்னொன்றும் கண்ணில் படுகிறது: ‘விட’ என்ற ‘தன்’ எழுத ‘ஏ’ எழுத்து வர வேண்டும், ‘பிறகு’ என்ற ‘தென்’ எழுத ‘இ’ எழுத்து. பேச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்பதால் எழுத்தில் மாறிவிடுகிறது.

‘மோர் பெட்டர்’, ‘மோர் சீப்பர்’ ஏன் வருகிறது? ‘இன்னும் நல்லது’ என்று மனதில் நினைப்பதால். ‘பெட்டர்’ என்பதற்குள்ளேயே ‘இன்னும்’ இருக்கிறது. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘மச்’: “மச் பெட்டர்”, “மச் சீப்பர்”. கொஞ்சம்தான் என்றால் ‘எ பிட்’, ‘ஸ்லைட்லி’. ‘வெரி’ இங்கே ஒட்டாது, “வெரி சீப்பர்” இல்லை. ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். வித்தியாசம் 58 மீட்டர்தான். ஆகவே “ஆனைமுடி இஸ் ஸ்லைட்லி ஹையர் தன் தொட்டபெட்டா” என்பதே பொருத்தம், ‘மச் ஹையர்’ என்றால் பொய்யாகிவிடும்.

அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது “மை எல்டர் பிரதர்” சரி. ஆனால் “ஹி இஸ் எல்டர் தன் மீ” தப்பு. ‘தன்’ வந்தால் ‘ஓல்டர்’ மட்டும்தான்: “ஹி இஸ் டூ இயர்ஸ் ஓல்டர் தன் மீ.”

‘தன்’ வராத சில சொற்களும் உண்டு. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ லத்தீனிலிருந்து வந்தவை, ‘டு’தான் எடுக்கும்: “ஷி இஸ் சீனியர் டு மீ.” ‘பிரிஃபர்’ என்பதற்கும் ‘டு’: “மெனி கெஸ்ட்ஸ் பிரிஃபர் டீ டு காஃபி.”

எதை எதோடு?

விலையை விலையோடும் கடையைக் கடையோடும் ஒப்பிட வேண்டும். ‘எங்க விலை பக்கத்துக் கடையைவிடக் கம்மி’ என்று தமிழில் சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதையே “அவர் பிரைஸ் இஸ் லோயர் தன் த நெக்ஸ்ட் ஷாப்” என்றால் விலையைக் கடைக்கட்டடத்தோடு ஒப்பிட்டதாகிறது. “லோயர் தன் த நெக்ஸ்ட் ஷாப்ஸ்” என்று உடைமை ‘ஸ்’ சேர்த்தாலே சரியாகிவிடும், அல்லது “லோயர் தன் தேர்ஸ்”. எழுத்தில் “லோயர் தன் தட் ஆஃப் த நெக்ஸ்ட் ஷாப்”. பொருள் என்றால் ‘சீப்’, விலை என்றால் ‘லோ’ என்பதையும் சேர்த்துப் பழகுங்கள்.

‘எல்லாத்தையும்விட’ என்று வந்தால் ‘தன் ஆல்’ வேண்டாம். ‘த’ போட்டு ‘எஸ்ட்’ அல்லது ‘மோஸ்ட்’: “ஆனைமுடி இஸ் த ஹையஸ்ட் பீக் இன் சவுத் இந்தியா.” ‘ஒன் ஆஃப் த’ என்று ஆரம்பித்தால் பின்னால் பன்மை: “ஒன் ஆஃப் த ஹையஸ்ட் பீக்ஸ்.”

‘எவ்வளவு... அவ்வளவு’ என்பதற்கு இரண்டு பக்கமும் ‘த’, இரண்டு பக்கமும் ‘அர்’: “த லாங்கர் யூ பாயில் இட், த ஸ்ட்ராங்கர் இட் கெட்ஸ்.” டீத்தூள் விற்கிறவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

பழகும் முறை

கடையில் கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு பொருளை எடுத்துக் கவுண்டரில் வையுங்கள். சிலோன் பட்டையும் காசியாவும், கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும், 7 எம்எம் காயும் 8 எம்எம் காயும், எதுவானாலும் சரி. தினம் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஐந்து வாக்கியம், இந்த வரிசையில்: ‘லுக்’ வைத்து ஒன்று, ‘த சேம் ஆஸ்’ வைத்து ஒன்று, ‘நாட் ஆஸ்... ஆஸ்’ வைத்து ஒன்று, ‘தன்’ வைத்து ஒன்று, ‘அன்லைக்’ வைத்து ஒன்று. முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதில் ‘தன்’ வந்த இடத்தையெல்லாம் வட்டமிட்டு, அதற்கு முன்னால் ‘அர்’, ‘மோர்’, ‘லெஸ்’ மூன்றில் ஒன்றே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் தப்பு (‘வொர்ஸ்’ மட்டும் விலக்கு), இரண்டு இருந்தாலும் தப்பு. ‘சேம்’ வந்த இடத்தில் முன்னால் ‘த’வும் பின்னால் ‘ஆஸ்’ஸும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து பக்கத்தில் வேலை பார்க்கிற ஒருவரை வாங்க வந்த வெள்ளைக்காரராக நிற்க வைத்து, “வாட்ஸ் த டிஃபரன்ஸ்?” என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பொருளைக் கையில் கொடுத்துக்கொண்டே பதில் சொல்லிப் பழக வேண்டும், ஏனென்றால் கவுண்டரில் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.